கடைவாய்ப் பல்லுக்கு ஒரு பாட்டு

“முதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்க மாப்ளே. அப்புறம் வாயைத் திறக்கறேன்” என்றார் மாமனார்.

சொன்னதோடு சரி, வாயை மூடிக்கொண்டார். உதடு இரண்டும் உள்ளே மடிந்து, தாடை இறுகி, மீசை மட்டும்தான் வெளியே தெரிந்தது. உள்ளே போக வேண்டுமென்றால் அந்த மீசையிடம் மனு கொடுத்துத்தான் போக வேண்டும் போலிருந்தது.

பல் டாக்டர் ஒரு கையில் குட்டிக் கண்ணாடியும் மறு கையில் கம்பியுமாக நின்றார். வருஷக்கணக்காக இதே தெருவில், இதே மாடியில் பல் பார்க்கிறவர் அவர். இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மனிதர்கள் சொல்லும் சாக்குப்போக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. ‘வீட்ல கேஸை அணைச்சேனான்னு தெரியலை’ என்பார்கள். ‘வண்டியைப் பூட்டாம வந்துட்டேன்’ என்பார்கள். வலிப்பது என் பல் இல்லை, என் தம்பி பல் என்று சொல்லி இறங்கி ஓடியவர்கூட ஒருவர் உண்டு. ஆனால் பாட்டு சரியில்லை என்று யாரும் சொன்னதில்லை.

“பாட்டுக்கு என்ன மாமா? வெறும் வயலின்தானே ஓடுது. மனசுக்கு இதமா இருக்கட்டும்னு போட்டு வச்சிருக்கேன்.”

மீசை அசைந்தது. “வயலினா அது? எம்.பி.த்ரீதானே?”

“ஆமா. எல்லாரும் அதைத்தானே கேக்கறாங்க.”

“எல்லாரும்தான் மிட்டாய் தின்னுட்டு பல்லு விளக்காம படுக்கறாங்க. அது சரின்னு ஆயிடுமா?”

மாமனாருக்குப் பதில் சொல்ல டாக்டருக்கு எப்போதுமே வராது. மாமனார் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் துணி போர்த்தி நிற்கும். அவற்றின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. டாக்டர் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனபோது, அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்த பார்வையிலேயே காப்பி டம்ளர் பாதி காலியாகிவிட்டது. மீதி பாதி சட்டையில் இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்குக் காப்பி அரை டம்ளர்தான் வரும். மாமியார் ஒன்றும் சொல்லாமல் அளவைக் குறைத்துவிட்டார்.

மாமனார் மாப்பிள்ளையை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், “டாக்டர்” என்பார். அப்புறம் மூச்சு விட்டு, “பல்லுக்கு” என்பார். அந்த இடைவெளியில் டாக்டர் எத்தனையோ முறை செத்துப் பிழைத்திருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. போன வருஷம் மாமனாருக்கு மேல் பல் ஆடியபோது, மாப்பிள்ளையின் கிளினிக் வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்சாரி டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். எதிர்சாரி டாக்டர் அதை மறக்கவில்லை. இப்போதும் இவரைப் பார்த்தால், “மாமனார் சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவார்.

இந்த முறை கீழ்க் கடைவாய்ப் பல். கன்னம் வீங்கி, சாப்பாடு இறங்காமல், மனிதர் பாலும் தண்ணீருமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மகள்தான் பேசிப் பேசி சம்மதிக்க வைத்தாள். காலையில் டாக்டர் செருப்பு மாட்டும்போதே வாசலில் வந்து நின்றாள்.

“என்னங்க, அப்பா உங்ககிட்ட வரேன்னு சொன்னதே பெரிய விஷயம். இன்னைக்கு அந்தப் பல்லை எடுக்காம அனுப்பிடாதீங்க. பாதியில எழுந்து மறுபடியும் எதிர்த்தாப்ல போயிட்டாருன்னு வைங்க, எங்க சித்தி பெரியம்மா மூஞ்சியில எல்லாம் நான் முழிக்க முடியாது.”

“நான் மட்டும் முழிப்பேனா?” என்று கேட்டுவிட்டு வந்தவர்தான் டாக்டர். வந்ததிலிருந்து அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. கையுறை போடும்போது இரண்டு விரல் ஒரே ஓட்டைக்குள் போய்விட்டது. விளக்கைத் திருப்பும்போது அது அவர் நெற்றியிலேயே இடித்தது. மாமனார் முதல் தடவை வாயைத் திறந்தபோது, குட்டிக் கண்ணாடி முன்பல்லில் பட்டு ‘டிங், டிங், டிங்’ என்று மணியடித்தது. அந்த மணி முடிந்த கையோடுதான் மாமனார் வாயை மூடிக்கொண்டு பாட்டைப் பற்றி ஆரம்பித்தார்.

“மாமா, எம்.பி.த்ரீல பாட்டை அமுக்கிச் சின்னதாக்கறப்போ காதுக்குத் தெரியாததைத்தான் எடுக்கறாங்க. தெரியாதது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“என் கடைவாய்ப் பல்லுகூடத்தான் வெளியில தெரியலை. அதை எதுக்கு எடுக்கறீங்க?”

“அது வலிக்குதே மாமா!”

“இதுவும் வலிக்குது. காதுல.”

நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எத்தனையோ நாளாக அவரோடு வேலை பார்க்கிறவள். டாக்டரை இப்படி மடக்க முடியும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் அவளை முறைத்துவிட்டுப் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

பாட்டு நின்றது. அறை அமைதியானது. அமைதியானதும் சுவருக்குப் பின்னாலிருந்து ‘உர்ர்ர்’ என்று ஒரு உறுமல் கேட்டது.

“அது என்ன?”

“கம்ப்ரெசர் மாமா. பல்லைக் கடையற மெஷினுக்குக் காத்து அனுப்பறது.”

“ஓகோ. இங்கே அமுக்காத சாமானே கிடையாதா?” என்றார் மாமனார். “இதைக் கேட்டுட்டு என்னால உக்கார முடியாது மாப்ளே. பாட்டு வேணும். ஆனா நல்ல பாட்டு வேணும். ஒண்ணும் எடுக்காம, ஒண்ணும் அமுக்காம, பாடினது பாடினபடி.”

“லாஸ்லெஸ்னு சொல்லுவாங்க டாக்டர்” என்று நர்ஸ் குறுக்கே புகுந்தாள். “என் போன்ல இருக்கு. அண்ணன் போட்டுக் குடுத்திருக்கான்.”

டாக்டருக்கு உயிர் வந்தது. நர்ஸ் தன் போனை எடுத்து ஏதோ தட்டினாள். மருந்து அலமாரி மேலிருந்த குட்டி ஸ்பீக்கர் ஒரு முறை விக்கிவிட்டுப் பாட ஆரம்பித்தது. அதே வயலின்தான். டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சத்தியமாக ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிகிற மாதிரி தலையை ஆட்டி வைத்தார்.

“அடேயப்பா! இது வேற மாதிரி இருக்கு மாமா” என்று சொல்லிக்கொண்டே மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்தார். ஊசி முனையில் ஒரு துளி மருந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. மாமனாரின் பார்வை ஊசியை விட்டு நகரவில்லை. பாவம், பயப்படுகிறார் போலிருக்கிறது என்று தோன்றியது டாக்டருக்கு. தோன்றிய வேகத்தில் மறைந்தும் போயிற்று. அந்த மீசைக்காவது, பயமாவது!

“கம்பி எங்கே?” என்றார் மாமனார்.

“எந்தக் கம்பி?”

“போனுக்கும் பெட்டிக்கும் நடுவுல கம்பியைக் காணோமே. காத்துலதானே போகுது? காத்துல போகணும்னா மறுபடி அமுக்கித்தான் அனுப்பும். நல்லாச் சமைச்சுட்டுச் சல்லடையில பரிமாறினா என்ன பிரயோஜனம்?”

வாய் மூடிக்கொண்டது.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். தட்டில் இருந்த மற்ற சாமான்கள் எல்லாம் கலகலவென்று சத்தம் போட்டன.

கிளினிக்கில் அந்த மாதிரிக் கம்பி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது காத்திருப்போர் அறையில் டிவிக்கும் அதன் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் இருந்தது. டாக்டரே போய் ஸ்டூல் போட்டு ஏறி அதைப் பிடுங்கினார். தொடரில் ஒரு மருமகள் மாமியாரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்த நேரம் அது. சத்தம் போய்விட்டது. காத்திருந்தவர்கள் எல்லாரும் வலியை மறந்து எழுந்து நின்றார்கள்.

“என்ன டாக்டர், இப்பத்தான் உண்மையைச் சொல்ல வந்தா!”

“கொஞ்சம் பொறுத்துக்குங்க. பேஷண்டுக்கு அவசரமா வேணும்.”

“கம்பியா? கம்பி போட்டா பல்லு புடுங்கறீங்க?” என்று ஒரு அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக எழுந்து, வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிப் படியிறங்கிப் போய்விட்டார்.

மூலையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மாமியார் மட்டும், “ஸ்டூல் ஆடுது, பாத்து இறங்குங்க மாப்ளே” என்றார்.

கம்பி மாட்டியாயிற்று. இனிமேல் என்ன சொல்வார் பார்க்கலாம் என்று டாக்டர் வந்து நின்றால், “பாட்டு நெட்டுல இருந்து வருதா? நெட்டு மெதுவா இருந்தா அதுவே பாட்டை அமுக்கிடும். முழுசா இறக்கி வச்சுக்கிட்டுப் போடுங்க” என்று வந்தது அடுத்த உத்தரவு.

இறக்கினார்கள். பாட்டு சின்னதாக இல்லை. ஒரு வயலினுக்குள் இவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது! நர்ஸின் போனில் நீலக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. சரி, அதற்குள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் கம்ப்யூட்டரைத் திறந்தார். அடுத்த தெரு எக்ஸ்ரேக்காரர் மாமனாரின் பல்லைப் படம் எடுத்துப் போனில் அனுப்பியிருந்தார். டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். பல் இருக்கும் இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. வேர் எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது, ஒரு எழவும் தெரியவில்லை.

டாக்டருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எக்ஸ்ரேக்காரருக்குப் போன் போட்டார்.

“என்னய்யா படம் அனுப்பியிருக்கே? மங்கலா இருக்கு. வேரே தெரியலை. போன்ல அனுப்பினா அது அமுக்கிக் குறைச்சுடும்னு உனக்குத் தெரியாதா? ஒண்ணும் குறையாம அப்படியே ஒரிஜினலை அனுப்பு. சின்ன விஷயம்தான்னு நினைக்காதே, அதுலதான் எல்லாமே இருக்கு!”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மாமனார் நாற்காலியில் சாய்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“நான் ஒண்ணும் சொல்லலையே மாப்ளே” என்றார்.

“அது வேற, இது வேற மாமா. அது கண்ணு. இது காது.”

“ஆமாமா. கண்ணுன்னா உசத்தி. காதுன்னா இளப்பம்.”

ஒரிஜினல் எக்ஸ்ரேயும் கிளம்பி வந்தது. கிளினிக்கின் நெட்டில் ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் பல். இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் வாசலில் மாட்டிக்கொண்டன. பாட்டும் வரவில்லை, பல்லும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரைக்கு அந்தப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் குழறியது.

“தாக்தர்... மரப்பு போயிதும் போல இருக்கு தாக்தர்...”

அட கடவுளே! டாக்டர் அந்த ஆளை மறந்தே போய்விட்டார். லாரி ஓட்டுகிறவர். மாமனார் வருவதற்கு முன்பே அவருக்கு ஊசி போட்டு உட்கார வைத்திருந்தார். டாக்டர் ஒரே எட்டில் அந்தப் பக்கம் போனார். “ஆ” என்றார். குறடை உள்ளே விட்டார், ஒரு அசை, ஒரு திருப்பு. பல் வெளியே வந்துவிட்டது. லாரிக்காரர், “எப்ப எதுக்கப் போறீங்க?” என்று கேட்டார். “எடுத்தாச்சு” என்று டாக்டர் பல்லைக் காட்டினார். வந்தது வந்தபடி, வேர் உடையாமல், சுத்தமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் மாமனார் நாற்காலியிலிருந்து எட்டி, திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு சுளுவா எடுத்துட்டீங்க” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டது போலிருந்தது. “அவருக்குப் பாட்டெல்லாம் வேணாமா?”

“அவரு கேக்கலை மாமா.”

“ம்ம்” என்று மீசையைத் தடவிக்கொண்டார் மாமனார்.

ஒருவழியாகப் பாட்டு இறங்கி முடிந்தது. எக்ஸ்ரேயும் வந்து சேர்ந்தது. வேர் பளிச்சென்று தெரிந்தது. வளைவு இல்லை, சிக்கல் இல்லை, யாரும் எடுத்துவிடக்கூடிய பல். நர்ஸ் கம்பி வழியாகப் பாட்டைப் போட்டாள். டாக்டர் ஊசியை எடுத்தார். துளி மறுபடி ஆடியது. ‘இந்தத் தடவை என்ன சொல்லப்போகிறாரோ’ என்று அவர் நினைத்து முடிப்பதற்குள், “பாட்டு சுத்தமா கேக்குது மாப்ளே” என்றார் மாமனார். டாக்டர் பூரித்துப்போனார். “அதனால அந்த உறுமலும் சுத்தமா கேக்குது. அதை நிறுத்திடுங்க.”

கம்ப்ரெசரை நிறுத்தினார்கள். அது நின்றதும் எச்சில் உறிஞ்சும் குழாய் நின்றது. லாரிக்காரர் வாயில் ரத்தமும் தண்ணீருமாக, “ம்ம்! ம்ம்!” என்று கையை ஆட்டினார். நர்ஸ் அவரிடம் ஓடினாள். ஓடியவள் காலில் கம்பி தட்டிக் குட்டி ஸ்பீக்கர் அலமாரியிலிருந்து குதித்து, பஞ்சு டப்பாவுக்குள் தலைகீழாக விழுந்தது. வயலின் பஞ்சுக்குள்ளிருந்து முனகியது.

“இப்ப மேல் ஸ்தாயி சுத்தமா போயிடுச்சு” என்றார் மாமனார்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

“அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க” என்று மாமனார் நர்ஸிடம் சொல்வது கேட்டது. மாமியார் கைப்பையோடு உள்ளே வந்தார். மாமனார் அவரைக் குனியச் சொல்லிக் காதில் ஏதோ சொன்னார். மாமியார் டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தலையாட்டினார். சரிதான், கிளம்பப்போகிறார்கள் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். ஜன்னல் வழியாக எதிர்சாரி போர்டு தெரிந்தது. அங்கே போய் இந்த மனிதர், ‘பாட்டுகூட ஒழுங்கா வைக்கத் தெரியலை’ என்று சொல்வதை நினைத்துப் பார்த்தார்.

மாமியார் கிட்டே வந்தார். கைப்பையைத் திறந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

“இந்தாங்க மாப்ளே, ஒரு வாய் குடிங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. அவசரம் ஒண்ணும் இல்லை.”

எவ்வளவு பதவிசாகச் சொல்கிறார், பாவம். விடைபெறுவதைக்கூட நாசூக்காகச் செய்கிற மனுஷி. டாக்டர் தண்ணீரை வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் போயிற்று.

அப்போது போன் அடித்தது. மனைவி.

“முடிஞ்சுதாங்க?”

“ஊசியே இன்னும் போடலை.”

“ஏன்?”

“பாட்டு சரியில்லையாம்.”

“என்ன பாட்டு?”

டாக்டர் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினார். எம்.பி.த்ரீ, கம்பி, டிவி, கம்ப்ரெசர், பஞ்சு டப்பா ஒன்றையும் விடவில்லை.

“என்னங்க, உங்களுக்குப் புரியலையா? இவ்வளவு பேரைப் பாக்கறீங்க. அப்பா பயப்படறாரு!”

“உங்க அப்பாவா?”

“ஏன், எங்க அப்பாவுக்கு மட்டும் பயம் இருக்கக் கூடாதா? எங்க அப்பா பாட்டைப் பத்திப் பேசினா நீங்க எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பீங்கன்னு அவருக்குத் தெரியும். அதான் அதையே புடிச்சுக்கிட்டாரு.”

டாக்டர் போனை வைத்தார். அவருக்குள் மெள்ள மெள்ள ஏதோ கொதித்து வந்தது. கேஸை அணைக்கவில்லை என்றவர், வண்டியைப் பூட்டவில்லை என்றவர், தம்பி பல் என்றவர், அந்த வரிசையில் இன்னொருத்தர்! இவரைப் பார்த்தா இத்தனை வருஷம் அரை டம்ளர் காப்பி குடித்தோம்? இவருக்காகவா ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பி பிடுங்கினோம்? இருக்கட்டும், இருக்கட்டும்.

நர்ஸைத் தனியே கூப்பிட்டார். “நம்ம பழைய பாட்டைப் போடு. காலையில ஓடிச்சே, அதே எம்.பி.த்ரீ. கம்பி வேணாம். கம்ப்ரெசரையும் ஓட விடு.”

“டாக்டர், அவரு கண்டுபிடிச்சுடுவாரே?”

“கண்டுபிடிக்கட்டும். நானும் பாக்கறேன்.”

நர்ஸ் ஸ்பீக்கரில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டி அலமாரியில் வைத்தாள். பாட்டு தொடங்கியது. சுவருக்குப் பின்னால் உறுமல் தொடங்கியது. டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். ஒரு கையால் விளக்கைச் சரியான இடத்துக்கு இழுத்தார். மறு கையால் ஊசியை எடுத்தார். துளி முனையில் அப்படியே நின்றது.

“மாமா, இப்ப வேற ஒண்ணு எடுத்து வந்திருக்கோம். லாஸ்லெஸ்லயே உசத்தி. இதுக்கு மேல கிடையாது. எப்படி இருக்கு?” கேட்ட குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

மாமனார் ஊசியைப் பார்த்தார். டாக்டர் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஊசியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடி, தலையை ஒரு ஆட்டு ஆட்டினார்.

“ஆகா! இதுதான் மாப்ளே பாட்டு. என்ன தெளிவு, என்ன தெளிவு! ஒரு இழை குறையலை பாருங்க.”

வாயை அகலத் திறந்தார்.

நர்ஸ் வாயில் கை வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளுக்குள் கணகணவென்றிருந்தது. ஊசி போட்டார். மரத்துப்போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். தட்டிப் பார்த்தார். குறடை எடுத்தார். ஒரு அசை, ஒரு திருப்பு. லாரிக்காரருக்கு வந்த மாதிரியே, வேர் உடையாமல், சுத்தமாக வந்தது மாமனாரின் கடைவாய்ப் பல்.

“எதுக்கப் போறீங்களா?” என்று குழறினார் மாமனார்.

“எடுத்தாச்சு மாமா.”

மாமனார் கண்ணைத் திறந்து பல்லைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் கையை எடுத்து, தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேச வாயில் இடமில்லை, முழுக்கப் பஞ்சு. ஆனால் அந்தப் பிடியில் டாக்டரின் கொதிப்பு பாதி அடங்கிவிட்டது. வயசான மனிதர். என்ன பயம் பயந்திருப்பார்! போகட்டும், பாவம்.

மாமனாரை நர்ஸ் காத்திருப்போர் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். டிவிக்குக் கம்பி திரும்பி வந்திருந்தது. மருமகள் உண்மையைச் சொல்லி முடித்து, இப்போது எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். மாமனார் கன்னத்தில் கையை வைத்து அதை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் மாமியாரை வாசற்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

“அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. கடைசியில நான் போட்டது அதே பழைய பாட்டு. மாமா முதல்ல வேணாம்னு சொன்னாரே, அதே எம்.பி.த்ரீ. அதே ஓட்டை ஸ்பீக்கர். அதைக் கேட்டுட்டுத்தான் ஆகா ஓகோன்னாரு. மாமாவுக்கு வித்தியாசமே தெரியலை! எல்லாம் பயம் அத்தை, வெறும் பயம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

பெரிய மனசோடு சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

மாமியார் அவர் சட்டையில் ஈரமாக இருந்த இடத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தார்.

“வித்தியாசம் தெரியாதுன்னு அவருக்கே தெரியும் மாப்ளே. கூடத்துல நிக்கற அந்தப் பெட்டி ரெண்டும் ரிப்பேராகி எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்பெல்லாம் அவரு பாட்டு கேக்கறதே என் போன்லதான்.”

“அப்புறம் எதுக்கு அத்தை இவ்வளவு கலாட்டா?”

மாமியார் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“‘மாப்ளைக்குக் கை நடுங்குது, அவருக்குக் கோவம் வந்தா நின்னுடும், அது வரைக்கும் நான் பாட்டைக் குத்தம் சொல்லிட்டு இருக்கேன்’னு என்னை உள்ளே கூப்பிட்டப்பவே காதுல சொல்லிட்டாரு.”